கல்லில் உரித்த நார்

'கல்லிலே நார் உரிப்பவன்' என்று கருமியையும் ஆகாததை ஆக்க முனைவானையும் சுட்டுவது தமிழ் வழக்கு. கல்லில் நார் இராது என்னும் துணிவின்மேல் எழுந்த வழக்கு அது. ஆயின், விரல் நுனியாற் கிள்ளினாலே பஞ்சுபோல் இழையிழையாகப் பிரியும் கல் ஒன்று நிலத்தினடியில் கிடக்கத்தான் செய்கிறது. அதனைத் தோண்டியெடுத்து, நூலாக நூற்று, துணியாக நெய்து, பைஞ்சுதையிற் கலந்து அட்டையாக வார்த்து, உலகெங்கும் விற்றுப் பெரும்பொருள் ஈட்டினர் மேலைநாட்டு வணிகர். அவ்வட்டை இன்று தமிழகத்தில் எண்ணிறந்த எளிய வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் கூரை. அதன் தமிழ்ப்பெயர் கல்நார்.

கடைத்தெருவில் இப்பெயரைக் கேட்பது அரிது. 'அசுபெசுடாசு' என்பர்; அல்லது 'சிமெண்டு சீட்டு' என்பர். முன்னது கிரேக்கச் சொல்; 'அணைக்க ஒண்ணாதது' என்பது அதன் பொருள். பின்னதோ அதனுள் நார் உண்டென்பதையே மறைத்து விடுகிறது. தீயில் வேகாது என்று விற்பவனுக்கு வேண்டிய ஒரு பண்பை மட்டும் கிரேக்கப் பெயர் முழங்குகிறது. தமிழ்ப்பெயரோ, கல், நார் என்னும் இரண்டே சொல்லில் அப்பொருளின் கட்டமைப்பையே உரைத்து விடுகிறது. அதன் வலிமையும் அக்கட்டமைப்பில்தான் இருக்கிறது. அது செய்யும் கொலையும் அக்கட்டமைப்பில்தான் இருக்கிறது. இஃது எவ்வாறு என்பதை விளங்கிக் கொள்ள வேண்டுமாயின், அணுக்கள் ஒன்றோடொன்று பிணையும் முறையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

பள்ளிகளிற் பிணைப்பியல் கற்பிக்கப்படாமல் இல்லை. கற்பிக்கும் முறைதான் இரங்கத்தக்கது. இன்ன பிணைப்புக்கு இன்ன வரையறை, இத்தனை மதிப்பெண் என்று மாணவர் மனப்பாடம் செய்து, தேர்வுத்தாளிற் கொட்டிவிட்டு, அன்றே மறந்தும் விடுகின்றனர். எதிர்மின்னிகளை இரண்டு அணுக்கள் பங்கிட்டுக் கொள்வதால் அமையும் பிணைப்பை ஈழத்துப் பாடநூல்கள் 'பங்கீட்டு வலுப்பிணைப்பு' என அழகுறக் குறித்தன. தமிழகப் பாடநூல்களோ 'சகப்பிணைப்பு' என்கின்றன. 'பங்கீடு' என்றால் படிக்கும் சிறுவனுக்கு உடனே விளங்கும். 'சக' என்றால் ஆசிரியர் மீண்டும் ஒருமுறை விளக்கியாக வேண்டும். இது நிற்க. பங்கீடு என்னும் அந்நிகழ்ச்சி தன் தலைக்குமேல், தான் படுத்துறங்கும் வீட்டின் கூரையில், நாரின் உருக்கொண்டு கிடக்கிறதென்று எந்த மாணவனுக்கும் சொல்லப்படுவதில்லை என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

மண்ணுலகின் மேலோட்டில் மிகுந்திருக்கும் தனிமங்கள் இரண்டு. ஒன்று உயிரகம், மற்றொன்று, சிலிக்கான் எனப் பாடநூல்கள் குறிக்கும் மண்ணியம். மண்ணிய அணுவின் புறக்கூட்டில் நான்கு எதிர்மின்னிகள் உள்ளன. அந்நான்கையும் நான்கு உயிரக அணுக்களோடு பங்கிட்டுக்கொண்டு, அவ்வுயிரகங்களை ஒன்றுக்கொன்று இயன்ற அளவு விலக்கி நான்கு மூலைகளில் நிறுத்துகிறது மண்ணியம். இவ்வாறமையும் உரு நான்முகி எனப்படும். நடுவில் மண்ணியம், மூலைதோறும் ஓர் உயிரகம், எந்த இரண்டு பிணைப்புக்கும் இடையே ஏறத்தாழ 109.5 பாகை விரிவு. மணல், களிமண், மாக்கல், காக்கைப்பொன், கருங்கல், கல்நார் ஆகிய எல்லாவற்றிலும் உள்ள செங்கல் இந்நான்முகி ஒன்றே. வேறுபாடு முழுவதும் அச்செங்கற்களை அடுக்கிய முறையில் உள்ளது.

ஒரு நான்முகியின் மூலை உயிரகத்தை அடுத்த நான்முகியும் தனதாக்கிக் கொள்ளும்போது இரண்டும் இணைகின்றன. நான்கு மூலைகளும் அவ்வாறு பகிரப்படுமாயின் எப்புறமும் பின்னிய வலை கிடைக்கும். அதுவே வெண்மணலாகிய பளிங்குக்கல். அதனை எந்தப் பக்கத்தில் உடைப்பினும் வலிய பிணைப்புகளை அறுத்தாக வேண்டும். ஆதலால் அது கடினமானது. ஏறத்தாழ 1,700 பாகைச் சூட்டில்தான் உருகும். மூன்று மூலைகள் மட்டும் பகிரப்படின் வலை தட்டையாகிறது. ஏடு ஏடாக உரியும் காக்கைப்பொன் அவ்வாறு அமைந்தது. இரண்டு மூலைகள் பகிரப்படின் நீண்ட தொடர் கிடைக்கும். இரண்டு தொடர்கள் பக்கம் பக்கமாக ஏணிபோல் இணைந்தால் இரட்டைத் தொடர். நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் இவ்விரட்டைத் தொடரினத்தவை. தொடரின் நெடுக்கே இருப்பது வலிய பங்கீட்டுப் பிணைப்பு. ஒரு தொடருக்கும் அடுத்த தொடருக்கும் இடையில் இரும்பு, வெளிமம் போன்றவற்றின் மின்னேற்ற ஈர்ப்பே உள்ளது. அது முன்னதினும் மெலிது. மூங்கில் நெடுக்கே பிளக்கும், குறுக்கே பிளவாது. அவ்வாறே இக்கல்லும் நெடுக்கே பிளந்து நாராகிறது. அதனை எவ்வளவு நைத்தாலும் கட்டையாகாது. மேலும் மேலும் மெல்லிய நாராகவே பிரியும். இவ்வமைப்புகளை ஊடுகதிரால் ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்தவர்கள் 1920களின் இறுதியில் மான்செசுட்டரில் உழைத்த இலாரன்சு பிராகும் அவர் வழிவந்தோரும் ஆவர்.

தமிழகக் கூரைகளில் இருப்பதோ பெரிதும் வெள்ளைக் கல்நார். அதன் அமைப்பு இன்னும் வியப்பானது. நான்முகிகளால் ஆன ஏடு ஒன்று, வெளிமமும் உயிரகமும் நீரகமும் சேர்ந்த ஏடு ஒன்று. இவ்விரண்டும் உயிரக அணுக்களைப் பொதுவாகக் கொண்டு முதுகோடு முதுகாக ஒட்டியுள்ளன. வெளிம ஏட்டின் அளவு சற்றுப் பெரிது. மண்ணிய ஏட்டின் அளவு சற்றுச் சிறிது. சிறியதைப் பெரியதன்மேல் பொருத்தினால் என்னாகும்? பச்சைப் பனையோலையின் ஒருபுறம் வெயிலிற் காய்ந்து சுருங்க, ஓலை அப்புறமாகச் சுருண்டு கொள்வதை அறியாத தமிழன் இல்லை. அதே நிகழ்ச்சிதான் இங்கும். பெரிய வெளிம ஏடு புறத்தேயும் சிறிய மண்ணிய ஏடு அகத்தேயும் அமையக் கல்லே பாய்போற் சுருண்டு குழலாகிறது. இவ்வாறு ஒத்த அளவிலா ஏடுகள் வளையும் என்று இலைனசு பாலிங்கு 1930 இலேயே எழுதினார். அவ்வாறே அமைந்த வெள்ளைக் கல்நாரின் நுண்குழல்களை எதிர்மின்னி நுண்ணோக்கி 1950 இற் காட்டியது. ஒரு குழலின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரமாகக் கூறிட்டதில் ஒன்று போன்றது. மாந்தனின் தலைமயிர் ஒன்றின் குறுக்கே அத்தகைய குழல்களை இரண்டாயிரத்துக்கு மேலும் அடுக்கலாம்.

இனி, மாக்கல்லை நோக்குக. கல்சட்டி கடைவதற்குப் பயன்படுவதும், பொடித்துக் குழந்தைக்குப் பூசும் மாவாக விற்கப்படுவதும் அதுதான். அதிலுள்ள தனிமங்கள் எவை? வெளிமம், மண்ணியம், உயிரகம், நீரகம். வெள்ளைக் கல்நாரில் உள்ளவை எவை? அதே நான்குதாம்! மாக்கல்லில் வெளிம ஏட்டின் மேலும் ஒரு மண்ணிய ஏடு, கீழும் ஒரு மண்ணிய ஏடு. இருபுறமும் ஒத்த வலுவுடையோர் நின்று இழுத்தால் கயிறு எப்புறமும் நகராது. ஆதலால் ஏடு சுருளவில்லை, தட்டையாகவே கிடக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தன்னளவில் பிணைப்பு நிறைந்திருப்பதால் அடுத்த அடுக்கைப் பற்றிக் கொள்ள அதனிடம் ஒன்றுமில்லை. தொட்டால் வழுக்கிக் கொண்டு நழுவுகிறது. அதனாலேயே நகத்தாற் கீறத்தக்க மென்மை அதற்கு வாய்த்தது. ஓர் ஏட்டைக் கூட்டினால் மாக்கல், குறைத்தால் கல்நார்!

'கூறுகளின் அளவு வேறுபடுகிறதே' என்று ஒருவர் தடுத்துரைக்கலாம். அளவும் வேறுபடாத சான்று உண்டு. செர்பென்டைன் என்னும் கல்லினத்தில் இலிசார்டைட்டு, ஆண்டிகோரைட்டு, வெள்ளைக் கல்நார் என மூன்று உள்ளன. மூன்றன் உட்கூறுகளும் ஏறத்தாழ ஒன்றே. முதலாவது தட்டையாகக் கிடக்கிறது. இரண்டாவது, வளைந்து கொண்டே போகாமல் இடையிடையே புறம் மாறி அலைபோல் மடிகிறது. மூன்றாவது மட்டுமே குழலாகச் சுருள்கிறது. அதனைத்தான் தோண்டி விற்கின்றனர், அதனால்தான் சாகின்றனர். நீலக் கல்நாருக்கும், அதே கூறுகளை உடையதாய்க் கட்டையாக வளரும் இரிபெக்கைட்டு என்னும் கல்லுக்கும் உள்ள உறவும் இத்தகையதே. ஆய்வகத்திற் கரைத்துக் கூறுகளை எண்ணிப் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். நுரையீரல் அவ்வாறு எண்ணுவதில்லை.

கல்நார் தீயில் வேகாமைக்கும் பிணைப்பே கரணியம். எரிதல் என்பது உயிரகத்தோடு பிணைதல். விறகின் கரியும் நீரகமும் உயிரகத்தை நாடிச் செல்கின்றன, எரிகின்றன. கல்நாரின் மண்ணியமும் வெளிமமும் தோன்றிய நாளிலேயே உயிரகத்தோடு நிறையப் பிணைந்து விட்டவை. எரிவதற்கு அவற்றில் எஞ்சியது ஒன்றுமில்லை. எரிந்து முடிந்த சாம்பல் மீண்டும் எரியாதது போன்றது அது. சில நூறு பாகைகளுக்கு மேற்பட்ட சூட்டில், உள்ளிருக்கும் நீரகமும் உயிரகமும் நீராக வெளியேறிக் கட்டமைப்பு குலைவது மட்டுமே உண்டு. இனி, இழுத்தால் அறாமை. நாரின் நெடுக்கே பங்கீட்டுப் பிணைப்புகள் இடையறாது ஓடுவதால், அதன் இழுவலிமை சிறந்த எஃகுக் கம்பிக்கு நிகரானது. வேகாமையும் அறாமையும் ஒருங்கே அமைந்த பொருள் வேறெங்கே கிடைக்கும்? ஆகவே இருபதாம் நூற்றாண்டு அதனைக் கப்பலிலும் கொதிகலத்திலும் தொடர்வண்டியிலும் பள்ளிச் சுவரிலும் திணித்தது.

உடலுக்குள் நிகழ்வதையும் இதே கண்கொண்டு நோக்குதல் வேண்டும். மூச்சோடு நுழையும் மணல்துகளை மூக்கும் தொண்டையும் பெரிதும் தடுத்து விடும். ஐந்து மைக்கிரானுக்கு மேல் நீண்டும், மூன்று மைக்கிரானுக்குக் குறைந்த குறுக்களவு உடையதாயும் இருக்கும் நார், காற்றோட்டத்தின் போக்கிலேயே ஊசிபோல் நேர்நின்று நுரையீரலின் அடியறைகள் வரை சென்று விடுகிறது. அங்கே குப்பையைத் தின்றொழிக்கும் உயிரணுக்கள் உள்ளன. அவை நாரை விழுங்க வருகின்றன. நாரோ அவ்வுயிரணுவினும் நீளமானது. சிறுபாம்பு பெருங்கழியை விழுங்கப் புகுந்தது போல், பாதி விழுங்கிய நிலையிலேயே அது புண்பட்டு, தன்னுள் இருந்த அரிக்கும் நீர்மங்களை வெளியே கக்குகிறது. அடுத்த உயிரணு வருகிறது, அதற்கும் அந்நிலையே. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்து நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது, புற்றுநோயும் தோன்றுகிறது. நீல, பழுப்பு வகைகளில் உள்ள இரும்பு இவ்வழிவை மேலும் விரைவுபடுத்துகிறது. நார் புகுந்த நாளுக்கும் நோய் தலைகாட்டும் நாளுக்கும் இடையே இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளும் கழிந்து விடும். கொன்றவன் யாரென்று கேட்கும்போது அவன் கடையைக் கட்டிக்கொண்டு போயிருப்பான்.

இவையெல்லாம் நேற்று அறியப்பட்டவை அல்ல. கல்நார் ஆலையில் உழைத்து 33 அகவையில் இறந்த ஆங்கிலப் பெண்ணொருத்தியின் நுரையீரலை ஆய்ந்து, குக்கு என்னும் மருத்துவர் 1924 இலேயே எழுதினார். 1955 இல் இரிச்சர்டு தால், கல்நார்த் தொழிலாளரிடை நுரையீரற் புற்றுநோய் மிகுந்திருப்பதை எண்ணிக்கையால் நிறுவினார். 1960 இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவர் துணைவரும், நுரையீரலைப் போர்த்திய மெல்லுறையில் தோன்றும் அரிய புற்று 33 பேரைத் தாக்கியதை வெளியிட்டு, அதனை நீலக் கல்நாரோடு தொடர்புபடுத்தினர். அவர்களுட் பலர் சுரங்கத்தில் உழைத்தவரும் அல்லர். சுரங்கத்தின் அண்டையில் வாழ்ந்தவர், சிறுபருவத்தில் அதன் கழிவுமேட்டருகே ஆடித்திரிந்தவர். வாணிகம் இதற்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் தழைத்தது என்பதை எண்ணுக.

வடிவே கேட்டின் வேர் என்பதற்குத் துருக்கி நாட்டுக் கப்படோசியா தரும் சான்று ஒன்றே போதும். அங்குள்ள கரைன், துசுக்கோய் முதலிய சிற்றூர்களில் கல்நார்ச் சுரங்கமோ ஆலையோ இல்லை. மக்கள் எரிமலைச் சாம்பற்கல்லிற் குடைந்தும் கட்டியும் வாழ்ந்தனர். ஆயினும் மெல்லுறைப் புற்று அவ்வூர்களை வாரிக் கொண்டது. 1970களில் ஆய்ந்தபோது அக்கல்லில் எரியோனைட்டு என்னும் பொருள் இருப்பது தெரிந்தது. அது கல்நார் அன்று. சட்டப் பட்டியல் எதிலும் கல்நார் எனக் குறிக்கப்பட்டதும் அன்று. ஆனால் அதுவும் மண்ணிய நான்முகிகளால் ஆனது. அதுவும் நாராக வளர்வது.

கல்நார் வணிகத்துக்காக வழக்காடுவோர் கூறுவன மூன்று. வெள்ளைக் கல்நார் தீங்கற்றது என்பது முதலாவது. வெளிம ஏடு புறத்தே இருப்பதால் காடித்தன்மையுள்ள நீர்மம் அதனை மெல்லக் கரைத்து விடும். ஆகவே நீல வகையைப் போல் அது நுரையீரலில் நெடுநாள் தங்காது என்பர். கரையும் என்பது உண்மையே. பிணைப்பியல் அதனை மறுக்கவில்லை. ஆனால், மெதுவாகக் கொல்வது கொல்லாமை ஆகுமோ? ஒருமுறை மூச்சிழுத்தவனுக்கு வேண்டுமானால் அவ்வேறுபாடு பயன்படலாம். நாள்தோறும் அத்தூளில் நின்று உழைப்பவனுக்கு நேற்றைய நார் கரையுமுன் இன்றைய நார் வந்து சேருகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1987 இலும் மீண்டும் 2012 இலும், வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் மாந்தர்க்குப் புற்று விளைப்பவை என்றே தீர்ப்பளித்தது.

இரண்டாவது கூற்று, பைஞ்சுதையிற் பிணைந்து கிடக்கும் நார் வெளிவராது என்பது. 'பிணைந்து' என்னும் சொல்லை இங்கே எவ்வளவு எளிதாக ஆளுகின்றனர்! நாருக்குள் இருப்பது அணுவும் அணுவும் எதிர்மின்னிகளைப் பங்கிட்டுக் கொண்ட பிணைப்பு. நாருக்கும் பைஞ்சுதைக்கும் இடையே இருப்பது பற்று மட்டுமே. சுவரில் அறைந்த ஆணியைச் சுவர் பற்றியிருப்பது போன்றது அது. அட்டையில் நாரின் பங்கு பத்து விழுக்காட்டை ஒட்டியதே. எஞ்சியது பெரிதும் பைஞ்சுதை. மழைநீரில் காற்றின் கரிவளி கரைந்து மென்காடியாகி, பைஞ்சுதையின் சுண்ணத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொண்டு போகிறது. பாசி படர்கிறது, வெயில் வெடிக்கச் செய்கிறது. பழைய அட்டையின் மேற்பரப்பில் நார் தலைநீட்டிக் கொண்டிருப்பதை எவரும் காணலாம். பற்றியது போய்விடுகிறது; நார் போவதில்லை. அஃதன்றியும், அட்டை வார்த்தபடியே கூரையேறுவதில்லை. அரம்பத்தால் அறுக்கின்றனர், துளையிடுகின்றனர். கொத்தனும் சித்தாளும் மூக்கில் ஒரு துணியும் கட்டாமல் அத்தூளுக்குள் நிற்கின்றனர். 2018 நவம்பர் 16 இல் கசாப்புயல் காவிரிக் கழிமுகத்தைச் சூறையாடியபோது உடைந்து சிதறிய கூரைகளை எண்ணிப் பார்க்கலாம். உடைந்த துண்டுகளை வாரிப் பள்ளத்தில் கொட்டி மிதித்துச் சமன் செய்வதும், அடுப்பங்கரைக்கு மறைப்பாக நிறுத்துவதும் இன்றும் கண்கூடு. இவற்றுள் எது 'பிணைந்த' நிலை?

மூன்றாவது கூற்றே எண்ணிப் பார்க்கத் தக்கது. அது, எளியவனுக்கு வேறு கூரை ஏது என்பது. கீற்றுக் கூரையின் தீ என்ன செய்யும் என்பதைக் குடந்தை 2004 சூலை 16 இல் கண்டது. 94 குழந்தைகள் வெந்து மடிந்தனர். அக்கொடுமையைக் கண்ட தாய் ஒருத்தி, கையிலிருந்த சிறுபொருளைக் கொண்டு வேகாத அட்டையை வாங்கிப் போட்டாள் என்றால் அவளை எவர் பழிப்பார்? பழிக்குரியவர், வேறு கூரைகள் இருந்தும் அவற்றை அவள் கைக்கெட்டும் விலையில் தாராதவரே. மரக்கூழின் நாரையும் செயற்கை இழையையும் கலந்து வார்த்த பைஞ்சுதை அட்டைகள் கல்நாரை விலக்கிய நாடுகளிற் பரவலாக ஆளப்படுகின்றன. இந்தியாவிலும் அவை செய்யப்பட்டுள்ளன. விலை சற்றுக் கூடுதல். அவ்வேறுபாட்டை வரியைக் குறைத்தோ கொடையளித்தோ அரசு ஈடுசெய்தல் இயலாததன்று. புற்றுநோய் மருத்துவமனைக்கு அதனினும் மிகுதியாகச் செலவாகும்.

சுட்ட ஓடும் உண்டு. களிமண்ணும் மண்ணிய ஏடுகளால் ஆனதே. நீர் பட்டால் ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் வேட்கோவன் கையில் அது குழைகிறது. சூளையில் ஐந்நூறு பாகைக்கு மேல் உள்நீர் வெளியேற, ஆயிரம் பாகையை நெருங்குகையில் ஏடுகள் தம் பழைய அடுக்கை இழந்து ஒன்றோடொன்று புதிதாகப் பிணைகின்றன. அதன்பின் எத்தனை மழை பெய்யினும் ஓடு மீண்டும் சேறாவதில்லை. எரிவதும் இல்லை, நாராவதும் இல்லை. ஓடு கனமானது, அதற்கு மரச்சட்டம் வேண்டும், குரங்கு உடைக்கும் என்பன மெய்யே. ஓடும் மணலும் எவ்வகையிலும் தீங்கற்றவை என்பதும் இல்லை. கல்லுடைக்கும் ஆலைகளில் எழும் பளிங்குத் தூளும் நுரையீரலை இறுக்குவதுதான். ஆயின், கூரையிற் கிடக்கும் ஓடு அடியிற் படுத்திருப்பவன் மூச்சுக்குள் நாரைத் தூவுவதில்லை.

ஆங்கிலநாடு நீல, பழுப்பு வகைகளை 1985 இலும் வெள்ளையை 1999 இலும் விலக்கியது. கனடாவின் கியூபெக்கில் 'அசுபெசுடாசு' என்று அப்பொருளின் பெயரையே தாங்கிய சுரங்க நகரொன்று இருந்தது. சுரங்கம் மூடிய பின் 2020 இல் வெட்கி அப்பெயரை மாற்றிக் கொண்டது. அந்நாடு தன் பொதுக் கட்டடங்களிலிருந்து கல்நாரைக் களைந்துகொண்டே இந்தியாவுக்கு அதனை ஏற்றுமதி செய்த காலமும் இருந்தது. 2018 இல்தான் முழுதாக விலக்கியது. பிரேசில் நாட்டின் உச்சநயன்மன்றம் 2017 இல் தடை விதித்த பின்னும் ஏற்றுமதிக்காகத் தோண்டுவது அங்கே தொடர்ந்தது. தன் மக்களுக்கு ஆகாதென்று ஒதுக்கியதைப் பிறர் தலைமேற் கூரையாக ஏற்றுவது என்ன அறம்?

இந்திய நடுவணரசின் நடப்பு இன்னும் விந்தையானது. கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை தருவதை 1986 இல் நிறுத்தியது. பழையவற்றைப் புதுப்பிப்பதை 1993 இல் நிறுத்தியது. கரணியம், உடல்நலக் கேடு! தோண்டினாற் கேடு, இறக்குமதி செய்தாற் கேடில்லை போலும்! உருசியாவிலிருந்து வரும் நாரின் பிணைப்பு கடப்பை மாவட்டத்து நாரின் பிணைப்பினும் வேறானதோ? இடர்ப்பொருள் வாணிகம் பற்றிய இரோட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் பிற ஐந்து வகைக் கல்நாரும் இடம் பெற்றுள்ளன. வெள்ளையை மட்டும் சேர்க்க 2006 முதல் பன்முறை முயன்றும், சில நாடுகள் ஒப்பாமையால் அது நிறைவேறவில்லை. அவ்வாறு ஒப்பாது நின்ற நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக இருந்தது. அப்பட்டியலிற் சேர்ப்பதுகூடத் தடையன்று. விற்குமுன் கேட்டை எடுத்துரைத்து, வாங்கும் நாட்டின் இசைவு பெறுக என்பதே அதன் பொருள். எடுத்துரைக்கவும் மனமில்லை.

1995 சனவரி 27 இல் இந்திய உச்சநயன்மன்றம் தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் கூறே எனத் தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிலகங்கள், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையிற் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகளேனும், அல்லது அவர் ஓய்வு பெற்ற பின் 15 ஆண்டுகளேனும், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை வைத்திருத்தல் வேண்டும் என்றது. நோயுற்றோர்க்கு ஓர் இலக்க உருவா இழப்பீடும் குறித்தது. நாற்பதாண்டு என்று அம்மன்றம் எண்ணிச் சொன்னது நாரின் இயல்பை அறிந்தே. ஆனால் அத்தீர்ப்பின் பதிவேடு தொழிலகத்தின் வாயிலோடு நின்று விடுகிறது. அட்டையை அறுத்துக் கூரையேற்றும் கூலியாளின் பெயரும், அதனைத் துடைப்பத்தாற் பெருக்கித் தள்ளும் அவன் மனைவியின் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்று அட்டைக்குள் மூச்சிழுக்கும் இருபது அகவைச் சித்தாள் ஐம்பதாம் அகவையில் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு மருத்துவமனைக்குப் போவாளாயின், அவளிடம் காட்டுதற்குத் தாளொன்றும் இராது.

தடை வரும்வரை கூரை மாற்றுவோரும் பழுது பார்ப்போரும் செய்யத்தக்கவை சில. உலர்ந்த அட்டையை அறுத்தலாகாது. நன்றாக நனைத்து ஈரமாக்கிய பின்னரே தொடுதல் வேண்டும். உடைத்து இறக்காமல் திருகாணி கழற்றி முழுதாக இறக்குதல் வேண்டும். விழுந்த தூளை உலரப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு கட்டிப் புதைத்தல் வேண்டும். உழைத்தபோது உடுத்த ஆடையைப் பிற ஆடைகளோடு சேர்த்துத் துவைத்தலாகாது. பிள்ளைகளை அருகில் விடுதல் கூடாது. வேதியியல் ஆசிரியர்கள், பிணைப்பைக் கற்பிக்கும் நாளில், மாக்கல் துண்டொன்றையும் காக்கைப்பொன் ஏடொன்றையும் வகுப்பில் மாணவர் கையிற் கொடுத்துக் கீறவும் உரிக்கவும் செய்து காட்டலாம். மூன்றாவதைக் கையிற் கொடுக்க வேண்டியதில்லை. பள்ளிக் கொட்டகையின் கூரையை விரலாற் சுட்டினாற் போதும்.